மூன்றாம் கிறேட்டுக்கு இரண்டு கட்டங்கள்

ஜனவரி 11, ஞாயிறு

மரண அறிவித்தல்.

பழைய தளபாடக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், நோர்த்தோல்ற் மாடிவீட்டு ஹோலை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் பழுப்பு நிறச் செற்றி, இன்று காலை பத்தரை மணியளவில் முன்னங்கால் முறிந்து காலமானது. அன்னார், மூலையில் நிற்கும் ஒற்றைக் கதிரையின் அன்புச் சகோதரரும், பஸ் ஓட்டிக் களைத்து வரும் அப்பாவின் முதுகுக்குப் பாசமிகு துணைவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: சேயோன், வயது பதினைந்து, மூத்த மகன்.

செற்றியைச் சாகடித்தவள் என் தங்கை ஆரணி. வயது பத்து. கைப்பிடியில் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று பின்பக்கம் ஒரு கரணம் போட்டாள். காரணம் கேட்டேன். மூன்றாம் கிறேட்டில் இது இருக்கிறதாம்.

அம்மா அவளை ஒரு சொல் ஏசவில்லை. நான் உடைத்திருந்தால் இன்று இரண்டு மரண அறிவித்தல் எழுதவேண்டி வந்திருக்கும், இரண்டாவதை எழுத ஆள் இருந்திருக்காது.

இந்த நாட்குறிப்புக் கொப்பியைத் தமிழில் எழுதுவது மொழிப்பற்றால் அல்ல. ஆறு வருசத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன், ஆரணிக்கு நாலு வயது. அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆங்கிலத்தில் எழுதினால் அரை மணித்தியாலத்தில் செய்தி அடுப்படிக்குப் போய்விடும். அம்மாவுக்கு வாசிக்க வரும்தான். ஆனால் என் அறையின் காலுறை மணம் தாங்காமல் அவர் வாசலோடு நின்றுவிடுவார். ஆகவே பூட்டு இரண்டு: ஒன்று எழுத்து, மற்றது காலுறை.

ஜனவரி 18, ஞாயிறு

ஜிம்னாஸ்ரிக் விளங்காதவர்களுக்கு, அதாவது என்னைத் தவிர இந்த வீட்டிலுள்ள பெரிய ஆட்களுக்கு, ஒரு விளக்கம். இதில் இலக்கம் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு, ஐந்து, நாலு என்று இறங்குவதுதான் ஏற்றம். ஒவ்வொரு கிறேட்டிலும் நாலு கருவி: ஓடிவந்து தாண்டும் மேசை, ஒன்று உயரம் ஒன்று பதிவாக இரண்டு கம்பிகள், உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டை, பிறகு தரை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அசைவுகளை ஒரே வரிசையில் செய்யவேண்டும். நடுவர்கள் பிழைக்குப் பிழை புள்ளி வெட்டுவார்கள். குறிப்பிட்ட புள்ளி எடுத்தால் அடுத்த கிறேட், எடுக்காவிட்டால் அங்கேயே நிற்கவேண்டியதுதான்.

போன வருசம் ஆரணி நாலில் தேறி மூன்றுக்குப் போனாள். செய்தி முதலில் என் கைக்கு வந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவிடம், "ஆரணியை நாலிலயிருந்து மூண்டுக்கு விட்டிட்டினம்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அம்மா அழுதுகொண்டு ரொறன்ரோவிலுள்ள சித்திக்குப் போன் அடிக்க, சித்தி, பரவாயில்லை அக்கா, பிள்ளை இனிப் படிப்பைப் பார்க்கட்டும் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து உண்மை வெளிவந்தபோது அம்மாவின் அகப்பை என் முதுகில் தரையிறங்கியது. நடுவர்கள் இருந்திருந்தால் முழுப்புள்ளி கொடுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகும் ஜிம்னாஸ்ரிக் கிளப்பிலிருந்து எது வந்தாலும் என்னிடம்தான் வரும். அம்மாவின் ஈமெயிலும் என் போனில்தான் திறக்கும். அப்பா காலையும் மாலையும் பஸ்ஸோடு. அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க ஆங்கிலம் கேட்கிறார், ஆனால் வேகமாகப் பேசினால் பிடிபடாது, கடிதம் என்றால் பயம். கிறேட் விதிகளின் எண்பத்தாறு பக்கக் கையேட்டை ஒரு எழுத்து விடாமல் வாசித்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். குடும்பத்தின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர். அம்மா சொல்வது: முழிபெயர்ப்பாளர்.

பிரிஜ் கதவில் ஆரணி ஒரு ஏணி கீறி ஒட்டியிருக்கிறாள். படிகளில் 5, 4, 3, 2. உச்சியில் ஒரு கொடி, அதில் நாட்டின் இறுதிப்போட்டி நடக்கும் மண்டபம். ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் ஒரு வயது. மூன்றுக்குப் பக்கத்தில் பதினொன்று, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஏன் வயது என்று தெரியவில்லை. அலங்காரம் போல.

ஜனவரி 31, சனி

சாதனை. ஆரணியின் சுண்ணாம்புத்தூள் பெட்டியைத் துடைத்து அவித்த மா நிரப்பினேன். கம்பியில் ஏறுமுன் கையில் பூசுகிற தூள் அது. அவள் ஏறவில்லை, மணந்துபார்த்துவிட்டாள். கோச் லோர்னாவும் வந்து மணந்தார். ஐம்பது வயதிருக்கும், தோள் இரண்டும் அலுமாரி. என்னைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டார். பிட்டு என்றேன். அடுத்த முறை தேங்காய்ப்பூவும் போட்டுக் கொண்டுவா என்றார், சிரிக்காமல். எனக்குச் சரிசமமான ஆள் இந்த நகரத்தில் ஒருவராவது இருக்கிறார்.

அம்மா சனிக்கிழமைகளில் அவருக்கு, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் ஒரு பெட்டி கொடுத்துவிடுவார். லோர்னா காரிலேயே வைத்துச் சாப்பிட்டு முடிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 4, புதன்

கிளப்பின் செயலாளரிடமிருந்து படிவம். இரண்டு கட்டம், ஒன்றில் சரி போடவேண்டும்.

தேசிய மூன்றாம் கிறேட்: கிழமைக்குப் பதினாறு மணித்தியாலம் பயிற்சி. போட்டி மே 16.

வட்டார மூன்றாம் கிறேட்: ஒன்பது மணித்தியாலம். போட்டி ஜூன் 7.

இரண்டும் மூன்றுதான்.

மே 16 உலக வரலாற்றில் முக்கியமான நாள். அன்று நான் பிறந்தேன். போன வருசம் அதை வேறொரு ஊரில், விளையாட்டரங்கின் கார் தரிப்பிடத்தில் கொண்டாடினோம். ஆறிப்போன றோல்ஸ் ஒன்று, மெழுகுதிரி இல்லை. அம்மாவும் அப்பாவும் உள்ளே, ஆரணி கட்டையில் ஏறும் நேரம். அதற்கு முந்தைய வருசமும் அப்படியே, றோல்ஸ் மட்டும் சூடு. இதைப்பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. தகவலுக்காக எழுதிவைக்கிறேன்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "மூண்டுக்குத்தானே போட்டனி?"

"ஓம் அம்மா, மூண்டுக்குத்தான்."

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் லோர்னா ஏதோ குறிப்பு எழுதியிருந்தார். சின்ன எழுத்து சின்ன ஆட்களுக்கு. அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 28, சனி

ஆரணியைக் கூட்டிவரப் போன இடத்தில் லோர்னா என்னை மறித்தார். வீட்டில் நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தார்களா என்று கேட்டார். பொறுப்புள்ள மூத்த மகன் சொல்லவேண்டிய பதிலைச் சொன்னேன். பெற்றோரின் முடிவை மதிக்கிறேன் என்றார். றோல்ஸ் பெட்டியைத் திறக்காமல் காரில் வைத்தார்.

மார்ச் 4, புதன்

ஆரணிக்கு இனிப் புதனும் வெள்ளியும் பயிற்சி இல்லை. நேர அட்டவணை மாறிவிட்டது என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

புதுச் செற்றி வந்தது. நீலம். அப்பா உட்கார்ந்துபார்த்துவிட்டுப் பழையதின் அருமை பற்றிப் பேசினார்.

ஆரணி என் அறைக்கு வந்தாள். காலுறை மணத்தையும் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். உள்ளங்கைகளைக் காட்டினாள். கம்பியில் தொங்கித் தொங்கி எப்போதும் தோல் உரிந்து கிடக்கும் கைகள். இப்போது ஆறியிருந்தன. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

தன்னைச் சின்னப்பிள்ளைகளின் குழுவில் விட்டிருக்கிறார்களாம். போன வருசமே செய்து முடித்ததைத் திரும்பச் செய்கிறாளாம். அவளோடு நாலாம் கிறேட் எடுத்த பொப்பியும் ஜாஸ்மினும் மற்றப் பக்கம், தேசியக் குழுவில். அவர்கள் கேட்டதற்கு இவள் கால் நோகுது என்று சொல்லியிருக்கிறாள்.

"லோர்னாவிட்ட கேக்க வெக்கமா இருக்கு," என்றாள். பிறகு, "நான் காணாதோ அண்ணா, போதாதோ?"

கால் கட்டையாம், அதுதான் கழித்துவிட்டிருப்பார்கள் என்றேன். பகிடிக்கு.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து கண்ணாடியில் காலைப் பார்த்தாள்.

மார்ச் 21, சனி

அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. ஆரணி குளியலறையில் அழுததை அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். இன்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய், லோர்னாவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"கேள். என்ர பிள்ளையில என்ன குறை கண்டவ எண்டு கேள்."

ஆரணி எப்படிச் செய்கிறாள் என்று அம்மா அறிய விரும்புகிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

லோர்னா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நீளமாகச் சொன்னார். அதில் வெள்ளிக்கிழமை மூன்று தடவை வந்தது, பதினொரு வயது இரண்டு தடவை. முடிவில் என் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் அப்படியே அம்மாவிடம் சொல்லு, ஒன்றும் விடாதே என்றார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

மண்டபத்தின் மறுபக்கத்தில் ஆரணி சின்னப்பிள்ளைகளின் வரிசையில் நின்றாள். எல்லோரையும்விட ஒரு தலை உயரம். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் இடமில்லையாம் அம்மா."

அம்மா கையை உருவிக்கொண்டார். லோர்னா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் சொன்ன எது அம்மாவை இப்படி நோகச் செய்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

லோர்னாவிடமிருந்து அம்மாவுக்கு ஈமெயில். என் போனில் வந்தது. ஒரு படிவமும் இணைத்திருந்தார். வாசித்தேன்.

மார்ச் 25, புதன்

அம்மாவிடம் சொல்லவென்று அடுப்படிக்குப் போனேன். வெங்காயம் வெட்டச் சொன்னார். ஐந்து வெங்காயம் வெட்டினேன். கண்ணீர் வந்தது வெங்காயத்தால்.

மார்ச் 27, வெள்ளி

மழை.

ஏப்ரல் 11, சனி

அம்மா இப்போது லோர்னாவுக்கு றோல்ஸ் கொடுப்பதில்லை. வணக்கமும் இல்லை. காரைத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளேயே இருக்கிறார். கோயிலில் இரண்டு தாய்மாரிடம், அந்தப் பொம்பிளைக்கு எங்கட பிள்ளையளைப் பிடிக்காது, வெள்ளைப் பிள்ளையளைத்தான் முன்னுக்கு விடுவா என்று சொன்னார். அதில் ஒருவர் போன கிழமை தன் மகளைக் கிளப்பிலிருந்து நிற்பாட்டிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. லோர்னாவின் தோளில் ஏறி நின்று மணி அடிப்பாள். ஒவ்வொரு பயிற்சியும் அதோடுதான் முடியும்.

இன்று மணியை லோர்னா தானே அடித்தார்.

பகிடி எழுத ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

மே 16, சனி

பதினாறு. முழுக் குடும்பமும் வீட்டில். மெழுகுதிரி பதினாறும் எரிந்தன. அம்மா ஆட்டிறைச்சிப் பிரியாணி செய்தார், அப்பா லீவு எடுத்தார். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது.

ஆரணி எனக்கு வாழ்த்தட்டை செய்து தந்தாள். முன்பக்கத்தில் நான், கையில் மாப்பெட்டியோடு. உள்ளே ஆங்கிலத்தில்: உலகத்தின் இரண்டாவது நல்ல அண்ணனுக்கு. முதலாவது யார் என்று கேட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாளாம். கெட்டிக்காரி. என்னிடம் பழகியது.

கேக் வெட்டிய பிறகு ஆளைக் காணவில்லை. தேடிப்போனேன். ஹோலில் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டில்லாமல், கம்பளத்தில் தரை அசைவுகளைச் செய்துகொண்டிருந்தாள். சின்னப்பிள்ளைகளின் குழுவில் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே பழகியிருக்கிறாள். நீலச் செற்றியில் இடிக்காமல் அளவாகத் திரும்பினாள். கடைசியில் இரண்டு கைகளையும் உயர்த்தி ரீவியைப் பார்த்து நின்றாள், நடுவருக்கு நிற்பதுபோல. சுவர்க்கடிகாரத்தில் மூன்றேகால். அந்த நேரத்தில் பொப்பி தேசியப் போட்டியில் தரையில் ஏறவிருந்தாள். அது ஆரணிக்குத் தெரியும்.

கதவை மெதுவாகச் சாத்தினேன். கேக் மிச்சம் இருந்தது. சாப்பிட முடியவில்லை. வெண்ணெய் கூடிப்போச்சு.

ஜூன் 7, ஞாயிறு

வட்டார மூன்றாம் கிறேட். ஆரணிக்கு நாலு கருவியிலும் முதலிடம். இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று புள்ளி. அப்பா படம் எடுத்தார், அம்மா கைதட்டினார். பக்கத்திலிருந்த ஒரு தாய் எனக்குக் கேட்கும்படியே தன் புருசனிடம், இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் இங்கே போட்டார்கள், மற்றப் பிள்ளைகளுக்கு இது நியாயமில்லையே என்றார்.

லோர்னா ஆரணியைக் கட்டிப்பிடிக்க வந்தார். ஆரணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறெங்கோ பார்த்தார். ஆரணி கை கொடுத்தாள், வங்கிக்காரரைப் போல.

வரும் வழியில் பதக்கத்தைக் கழற்றிக் காரில் கோப்பை வைக்கும் குழிக்குள் போட்டாள். வீட்டுக்கு வந்தும் அது அங்கேயே கிடக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

அப்பா இடைவேளையில் பஸ்ஸிலிருந்தபடியே கையேட்டைப் போனில் தேடி வாசித்திருக்கிறார். அகராதியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள். சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பதினொரு வயதாகும் வருசத்தில் தேசிய மூன்றை எடுக்கவேண்டும். அதை விட்டால் அந்தப் பாதையில் நாட்டின் இறுதிப்போட்டிக்குப் போக வயது போய்விடும். ஆரணிக்கு ஓகஸ்டில் பதினொன்று. அந்தப் பாதை மே 16ஆம் திகதியோடு மூடியாயிற்று.

"நான் ஓடுற றோட்டில ரெண்டு பஸ்ஸுக்கு ஒரே நம்பர்," என்றார். "பாதி வழி மட்டும் ஒண்டாப் போகும். பிறகு ஒண்டு டிப்போவுக்குத் திரும்பிவிடும். எங்கட பிள்ளையைத் தெரிஞ்சுகொண்டு டிப்போ பஸ்ஸில ஏத்திவிட்டிருக்கிறா அந்தக் கோச்."

ஆரணி எழுந்து போய் பிரிஜ் கதவிலிருந்த ஏணியைக் கழற்றினாள். கிழிக்கவில்லை. மடித்துக் குப்பைக்குள் வைத்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். ஜிம்னாஸ்ரிக் சங்கத்துக்கு முறைப்பாடு எழுதவேண்டும், லோர்னாவை வேலையிலிருந்து எடுக்கும்வரை விடக்கூடாது என்றார். இங்கிலீஷில் எழுத வீட்டில் நான்தானே.

ஜூன் 13, சனி

கடிதத்தில் மூன்று வரி எழுதினேன். நல்ல ஆங்கிலம். லோர்னாவின் முழுப்பெயரை எழுதியதோடு பேனை நின்றுவிட்டது.

"அப்பா, அவ ஏத்திவிடேல்லை," என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். எந்தக் கட்டத்தில் சரி போட்டேன் என்பதை. லோர்னா படிவத்தின் அடியில் எழுதியது இதுதான் என்பதை: ஆரணி தேசிய மூன்றுக்குத் தயார், இதுவே கடைசி வருசம், தயவுசெய்து விடவேண்டாம். பெப்ரவரியில் அவர் கேட்டபோது, அம்மா அப்பாவுக்குப் பதினாறு மணித்தியாலம் கஷ்டமாம் என்று நான் சொன்னதை. மார்ச் 21 அன்று அவர் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னதை: வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் நானே போய் அவளைத் தேசியத்தில் சேர்த்துவிடுவேன்.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை எடுத்து அந்த மூன்று வரியையும் வாசித்தார்.

"அப்ப, நீ போர்டை வாசிச்சுப்போட்டுத்தான் ஏத்திவிட்டனி," என்றார். யூனிபோமைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இன்று அவருக்கு லீவு.

அம்மா றோல்ஸுக்கு மாக் குழைத்தார். பொரித்து, பெட்டியில் அடுக்கி, கோட்டைப் போட்டார். நானும் சப்பாத்தை எடுத்தேன். "நீ வரவேண்டாம்," என்றார். தனியப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று, பயிற்சியிலிருந்த ஆரணி பிறகு சொன்னாள். "சொறி. மை சன்." அவ்வளவுதானாம். லோர்னா அழுதாராம். றோல்ஸ் எடுத்தாரா என்று கேட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா எல்லாவற்றையும் சொன்ன பிறகு ஆரணி என் வாசலில் வந்து நின்றாள், அம்மாவைப் போல, உள்ளே வராமல்.

"அப்ப லோர்னா, நான் காணும் எண்டுதான் சொன்னவவோ? முதலே?"

"ஓம்."

நான் பிராயச்சித்தமாக இந்தக் கொப்பியை நீட்டினேன். எல்லாம் இதில் இருக்கிறது, எடு என்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு தெரிஞ்சுதானே தாறாய்," என்றாள். "நீ வாசி."

வாசலிலேயே இரண்டு பக்கமும் நிலத்தில் இருந்தோம். செற்றியிலிருந்து தொடங்கினேன். விளங்காத சொல்லை ஆங்கிலத்தில் சொன்னேன், இந்த முறை ஒன்றையும் சுருக்காமல். மரண அறிவித்தலுக்கு அவள் சிரிக்கப் பார்த்து, பிறகு நிற்பாட்டிக்கொண்டாள். ஜனவரி 18 வந்தது. எண்பத்தாறு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தவன் என்ற இடத்தில் கையைக் காட்டி மறித்தாள்.

"முழுக்க வாசிச்சனியோ?"

ஏணியில் அவள் எழுதியிருந்த வயதுகள் எண்பத்தாறில் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்திருக்கும். அவள் பத்து வயதில் அதைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

"இல்லை," என்றேன். "ஒரு பக்கம்தான். திகதி போட்டிருந்த பக்கம்."

"மிச்சத்தை வாசி," என்றாள் ஆரணி.